ஒன்பதாம் கட்டிலின் பக்கக் கம்பி

பிற்பகல் 2.50. ஒன்பதாம் கட்டிலின் கால்மாட்டில், தரையில் கிடந்தார் மறதி நோயுள்ள ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. முதலில் பார்த்தவர் வார்டு ஆயா. அவர் போட்ட கூச்சலில் ஆட்கள் ஓடிவந்து தூக்கிப் படுக்க வைத்தார்கள்.

3.00 மணிக்கு நர்சுகளின் தலைவியான மேட்ரன் வந்தார். கட்டிலின் கதவுப் பக்கத் தடுப்புக் கம்பி இறங்கியிருந்ததைப் பார்த்தார். அடுத்த பத்து நிமிடத்தில் கம்பியை இறக்கி நோயாளியை விழவைத்ததாக வார்டு நர்சுக்கு மெமோ தயாராகிவிட்டது.

அழுதுகொண்டே அந்த நர்ஸ் தேடிப்போனது "ஆதாரம்" அக்காவை. எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும் மூத்த நர்சுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் அது. மறதி உள்ள முதியவர்களுக்கு இரண்டு பக்கக் கம்பியையும் தூக்கினால் ஏறித் தாண்டப்பார்த்து இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார்கள் என்று ஆய்வுகளைப் படித்து, ஒரு பக்கம் இறக்கி வைக்கும் சோதனையைத் தொடங்கியவள் அவள்தான். மேட்ரனுக்கு அது ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை; வார்டில் ஒரு வயர் தொங்கினாலும் அவருக்கு ஆகாது.

"மாத்திரை எப்போ குடுத்தே?"

"ரெண்டு மணிக்குக்கா. நீர் பிரியிற மாத்திரை. கம்பிய இறக்கி, அழைப்பு மணியத் தலையணையில வச்சேன். சத்தியமா."

"சத்தியம் வேண்டாம். அப்புறம் எங்க இருந்தே?"

"ரெண்டே காலுக்கு மூணாம் கட்டில்ல திரைய இழுத்துவிட்டு கட்டு மாத்திட்டிருந்தேன். வெளிய மேட்ரன் ரவுண்டு வந்த சத்தம் கேட்டுச்சு."

ஆதாரம் ஓட்டுநரிடம் போனாள். "எப்படி விழுந்தீங்க ஐயா?"

"பிரேக் பிடிக்கலம்மா," என்றார் அவர்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். கதவுப் பக்கம் செருப்பு, வைத்த வாக்கில் ஜோடியாக இருந்தது. அவர் முழங்காலுக்குக் கீழே குறுக்காகப் புதுச் சிராய்ப்பு. அழைப்பு மணி தலைக்கு மேல் கொக்கியில், வயர் இரண்டு சுற்றாகச் சுற்றி மாட்டப்பட்டிருந்தது. வார்டைச் சுற்றி வந்தாள். பன்னிரண்டு கட்டில்களில் பதினொன்றில் அதே சுற்று. மூன்றாம் கட்டிலில் மட்டும் மணி தலையணையில் இருந்தது.

மாலை 4.00. பெரிய டாக்டரின் அறையில் விசாரணை.

"அவர் பக்கவாட்டுல இறங்கியிருந்தா செருப்பு கலைஞ்சிருக்கும். அவர் கிடந்தது கால்மாட்டுல. ரெண்டு பக்கமும் அடைச்சிருந்ததால, கால்மாட்டுப் பலகையத் தாண்டியிருக்கார். சிராய்ப்பு அதுல பட்டது," என்றாள் ஆதாரம்.

"நான் பாத்தப்போ கம்பி இறங்கித்தானே இருந்துச்சு?" என்றார் மேட்ரன்.

"ஆயாம்மா, அவர எப்படிக் கட்டில்ல ஏத்துனீங்க?"

"ரெண்டு கம்பியும் தூக்கியிருந்துச்சு சிஸ்டர். ஒண்ண இறக்கிட்டுத்தான் ஏத்தினோம்," என்றார் ஆயா. "யாரும் கேக்கலையே, அதான் சொல்லல."



"அப்போ தூக்குனது யாரு?" என்றார் டாக்டர்.

"வயர் தொங்குறது இங்க ஒருத்தருக்குத்தான் பிடிக்காது. பதினொரு கட்டில் மணியையும் சுத்தி மாட்டினவங்க, திரைக்குள்ள இருந்த மூணாம் கட்டில மட்டும் விட்டுட்டாங்க. ரெண்டே கால் ரவுண்டுல வந்தது நீங்கதான் மேடம். மணிய எட்டாம மாட்டி, கம்பியத் தூக்கினதும் நீங்கதான்."

மேட்ரனின் முகம் சிவந்தது. "ஆமா, தூக்கினேன்! முப்பது வருஷமாத் தூக்குறேன். பாதுகாப்புக்குத்தான்!"

"நானும் பன்னெண்டு வருஷம் தூக்கினேன் மேடம். எத்தன பேர் விழுந்தாங்கன்னு எண்ணினதே இல்ல. எண்ணின பிறகுதான் விட்டேன். சோதனைக்கு முந்தின ரெண்டு மாசம் ஏழு பேர். இந்த ரெண்டு மாசம் ரெண்டு பேர், இவரையும் சேத்து. தூக்கினத மறைச்சு இந்தப் பொண்ணு தலையில கட்டினீங்களே, அது எந்தப் பாதுகாப்பு?"

டாக்டர் மெமோவைக் கிழித்தார். பிறகு குரலைத் தணித்தார். "இது இந்த அறையோட இருக்கட்டும்மா. சோதனையையும் நிறுத்திடலாம். எதுக்கு வம்பு?"

 ஆதாரம் உட்காரவில்லை.

"நிறுத்துங்க சார். எழுத்துல குடுங்க. எந்த ஆதாரத்த வச்சு நிறுத்துறீங்கன்னு ஒரு வரி போதும்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்தார். மேட்ரனைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

5.00 மணிக்கு ஆதாரம் விபத்து அறிக்கையை நிரப்பினாள். "காரணம்" என்ற கட்டத்தில், நடந்ததை, கம்பியைத் தூக்கியவர் மேட்ரன் என்பது உட்பட, ஒரு எழுத்து விடாமல் எழுதி, கீழே கையெழுத்திட்டாள்.