கழுத்துப் பொத்தான்

சட்டையின் கழுத்துப் பொத்தான் பூட்டியிருந்தது. யோசெப்பின் கிட்டப்போய் உற்றுப் பார்த்தாள். அவள் அதைத் திறந்தபடிதான் கொடுத்திருந்தாள். கலியாணத்தன்று கோயில் வாசலைத் தாண்டியதுமே, நங்கூரக் கயிறு பிளந்துவிட்ட பெருவிரல் நகத்தோடு அந்தப் பொத்தானுடன் மல்லுக்கட்டிக் கழற்றி, "மூச்சு முட்டுது" என்று சிரித்தவன் அவள் புருசன் அருமைநாதன். மன்னாரில் அவர்கள் பக்கத்தில் ஆம்பிளைக்குக் கழுத்துவரை பூட்டிவிடுவது செத்தபின் சவப்பெட்டிக்குள் கிடத்தும்போதுதான்.

பழைய மொன்ட்ரியாலில், பூசை நின்றுபோய்ப் பல காலமான கல்கோயில் ஒன்றில் அந்தக் கண்காட்சி நடந்தது. காணாமல் போனவர்களின் சட்டைகளைப் பல நாட்டுக் குடும்பங்களிடம் இரவல் வாங்கி, ஆளுயரத்தில் நைலோன் நூலில் தொங்கவிட்டிருந்தாள் ஒரு கியூபெக் கலைஞி. காத்திருக்கிறவர்களுக்காக என்று சொல்லித்தான் கேட்டாள். யோசெப்பினும் நம்பினாள். கடலுக்குப் போன புருசனைக் கடற்படை படகோடு பிடித்துக்கொண்டு போய்ப் பதினாறு வருடம். உடல் வரவில்லை. அதனால் அவள் தாலி கழற்றவில்லை, செத்தவர்களுக்குக் கொடுக்கிற ஆத்துமப் பூசையும் கொடுக்கவில்லை. அவள் ஒப்புக்கொள்ளாதவரை அவன் சாகமாட்டான்.

வாசல் பலகையில் இருந்த பிரெஞ்சை வாசித்துச் சொன்னவள் றோசலின், அருமைநாதனின் தங்கை.

"செத்தவையின்ர உடுப்பு எண்டு போட்டிருக்கு, மச்சாள்."

யோசெப்பின் குனிந்தாள். சட்டைக்குக் கீழே ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

"இதை ஆர் கொளுத்தினது?"

"நான்தான். செத்த ஆத்துமாக்களின்ர மாசமெல்லே? கோயிலுக்குள்ள அண்ணையின்ர சட்டை தொங்கேக்க சும்மா விடேலுமே? இளைப்பாற்றி மன்றாட்டும் சொன்னனான்."

"உனக்கென்ன விசரே? உயிரோட இருக்கிற மனுசனுக்கோ?" யோசெப்பின் ஒரே ஊதில் திரியை அணைத்தாள். "பொத்தானையும் நீதான் பூட்டினியோ?"

"சத்தியமா நான் தொடேல்லை."

"போய் அந்தக் கண்காட்சிக்காரியைக் கூட்டிக்கொண்டு வா. இப்பவே சட்டை வேணும்."

றோசலின் பின்னறைக்குப் போனாள். யோசெப்பின் பொத்தானைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்து நின்றாள்.

பின்னேரமே இருட்டிவிடுகிற நவம்பர். வண்ணக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன, வெப்பக் குழாய்கள் சுவருக்குள் டக் டக்கென்று தட்டின, அணைந்த திரியின் புகைக்குள் மெல்ல மெல்ல வேறொரு வாடை கலந்து வந்தது, நனைந்த வலையும் உப்பும் மண்ணெண்ணெயும் சேர்ந்த, அவன் கடலிலிருந்து வந்து வாசலில் நிற்கும்போது அடிக்கிற அதே வாடை.

திரும்பினாள். பொத்தான் பூட்டியிருந்தது.

கழற்றினாள். பயமில்லை, கோபம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அவனைத் தேடி அவள் முகாம் முகாமாக ஏறி இறங்கியபோது இவர்களெல்லாம் எங்கே போயிருந்தார்கள்? ஒருத்திக்குக் கண்காட்சி வேணும், மற்றவளுக்குப் பூசை வேணும். அதற்காக இவன் சாகவேணுமா?

சொட்டென்று ஒரு சத்தம்.

சட்டையின் ஓரத்திலிருந்து தண்ணீர். தரை நனைந்திருந்தது. பக்கவாட்டில் தொங்கிய சட்டைக் கைகள் இரண்டும் இப்போது நெஞ்சின் மேல். ஒன்றன்மேல் ஒன்று. பெட்டிக்குள் வைப்பதுபோல.

"இல்லை," என்றாள். "நீங்கள் சாகேல்லை."

பொத்தான் மறுபடி பூட்டியிருந்தது. பிடித்தாள். துணிக்குப் பின்னால் குளிர்ந்த தொண்டை. கழற்றினாள்.

சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. அது அவளுடைய விரல்களை மெதுவாக விலக்கியது.

"கையை எடுங்கோ!" யோசெப்பின் கத்தினாள். "எடுங்கோ எண்டுறன்!"

கை அவசரப்படவில்லை. பொத்தானைத் தேடிப் பிடித்தது. பூட்டியது.

பிறகு, அவள் அணைத்த திரியைச் சுட்டிக் காட்டியது.