வளையல் கழற்றிய கை

தடவிய க்ரீம் எங்கே போகிறதென்று நாகஜோதிக்குப் பிடிபடவில்லை.

தோல் சீட்டுக்கு க்ரீம் போடுவதில் ஒரு முறை உண்டு. நுரை போட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, ஈரம் துடைத்துக் காயவிட்ட பிறகு க்ரீமைத் தடவினால், தோல் தனக்கு வேண்டியதைக் குடித்துக்கொண்டு மிச்சத்தை மேலேயே விட்டுவிடும்; அதைத் துணியால் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. எவ்வளவு வறண்ட சீட்டும் இரண்டாம் பூச்சில் போதுமென்று சொல்லிவிடும். இந்தக் காரின் முன்சீட்டுகள் இரண்டும் அப்படித்தான் சமர்த்தாக நடந்துகொண்டன. பின்சீட்டு மட்டும், அதுவும் இடப்பக்கம், டப்பா காலியாகப் போகிற நேரத்திலும் துளி மிச்சம் வைக்கவில்லை. பந்தியில் வெட்கமில்லாமல் மறுசோறு கேட்கிறவனைப் போல வாங்கிக்கொண்டே இருந்தது.

வில்லாபுரம் முடிந்து அவனியாபுரம் தொடங்குகிற இடத்தில் கார் கழுவித் துடைத்துக் கொடுக்கிற அவர்களுடைய தகரக் கொட்டகை. வண்டியின் வெளிப்புறம் அவள் புருஷன் காளையின் பொறுப்பு, உட்புறம் அவளுடையது. ஏழு மாத வயிற்றோடு காருக்குள் புகுந்து வேலை பார்க்க வேண்டாமென்று காளை தலைபாடாக அடித்துக்கொண்டான். இரண்டு தடவை தங்காமல் போன பிறகு, தெரிந்த சாமி தெரியாத சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டு தங்கிய கரு. வளைகாப்பு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதற்குள் இந்த ஒரு வண்டியை முடித்துவிடுகிறேன் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். கொண்டுவந்தவர் அப்படிக் கேட்டிருந்தார்.

ஸ்ரீராம்குமார் என்று பெயர் சொன்னார். பசுமலைக்காரர். அதிர்ந்து பேசாத மனிதர். பின்கதவைத் திறந்து காட்டியபோது அவர் கண் சீட்டில் இல்லை, அவள் வயிற்றில் இருந்தது.

“எத்தனாவது மாசம்மா?”

“ஏழு முடியப்போகுது சார்.”

“நல்லது. இதை நீங்களே செய்ங்க. ஸ்பாஞ்ச் வேணாம், வெறுங்கையால தடவுங்க. கைச்சூட்டுலதான் தோல் நல்லா இழுக்கும்.” போகிற போக்கில் திரும்பி, “வளையல் பட்டா கோடு விழுந்துரும். பாத்துக்கங்க” என்றார்.

தொழிலுக்கு நியாயமான பேச்சுதான். அதனால் அவளுக்கு வேறு யோசனை ஓடவில்லை. வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது, அந்தச் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குத் துணை என்பார்கள். அது தெரியாதவளா அவள்? சாயங்காலம் மறுபடியும் போட்டுக்கொண்டால் போயிற்று என்று நினைத்தாள். சீட்டுக்குப் போடுகிற நுரையையே கையில் பூசி, எலும்பு வலிக்க ஒவ்வொன்றாக உருவி எடுத்து, முன்சீட்டில் துணி விரித்து வைத்தாள்.

மத்தியானத்திலிருந்து பிள்ளை அசையவில்லை.

சோறு உள்ளே போனதும் ஆட்டம் போடுகிற பிள்ளை அது. தூங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். பெஞ்சில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். வயிறு கல்லாகக் கிடந்தது. அதற்கு மேல் பொறுக்கமுடியாமல் காளையிடம் சொன்னாள்.

“மாமா, பிள்ள அசையவே மாட்டேங்குது. பயமா இருக்கு.”

அவன் கையிலிருந்த தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டான். “ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்த்தா. பைக்குல குலுங்கக் கூடாது. ஆட்டோவோட வாரேன், நீ உக்காரு.”

அவன் போன சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காற்று சுழற்றியடித்ததில் கொட்டகை முழுக்கச் சாரல். கரண்டும் போனது. நனையாமல் இருக்க அந்தக் காரைத் தவிர வேறு இடம் இல்லை. பின்கதவைத் திறந்து ஏறினாள். இருக்கிற கடைசி க்ரீமையாவது தடவி முடிப்போம், கை வேலையில் இருந்தால் மனம் கண்டதையும் நினைக்காது என்று கீழே மண்டியிட்டு, வயிற்றை சீட்டின் விளிம்பில் சாய்த்துக்கொண்டு, சாய்மானத்தில் உள்ளங்கையை வைத்து வட்டமாகத் தேய்த்தாள்.

ஓர் உதை.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இன்னொன்று. தெளிவாக, பலமாக. உடனே போனை எடுத்தாள்.

“மாமா, உதைக்குது! பதறாதீங்க, நல்லா உதைக்குது!”

“அப்பாடி, உசுரு வந்துச்சுத்தா. இங்க ரோடெல்லாம் தண்ணியாக் கெடக்கு. மழ கொஞ்சம் கொறையவும் வாரேன்.”

“மெதுவா வாங்க,” என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தகரத்தில் மழை இரைந்தது. மேலே ஏதோ விமானம் மேகத்துக்குள் உறுமிக்கொண்டே இறங்கியது. அவள் தேய்த்தாள். தேய்க்கும்போது பிள்ளை உதைத்தது, கையை எடுத்தால் நின்றது. அதனால் கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. க்ரீம் எப்போதோ தீர்ந்துவிட்டது. வெறும் உள்ளங்கையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் தோல் பளபளத்தது, சுருக்கமெல்லாம் விலகி மெத்தென்று ஆனது. காலையில் அடித்த பழைய தோல் நெடி எங்கே என்று தெரியவில்லை. அந்த இடத்தில் வேறொரு வாசனை மெல்ல மெல்ல நிறைந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையின் உச்சந்தலை வாசனை.

சீட்டு சூடாக இருந்தது. கைச்சூடு என்று நினைத்தாள். கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கை சில்லென்று இருந்தது.

மங்கின வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்தாள். கோடையில் காய்ந்த கண்மாயைப் போல வெடித்திருந்தது. விரல்கள் ஒடுங்கிச் சுருங்கியிருந்தன. வளையல். முதலில் வளையலைப் போட வேண்டும். எட்டி முன்சீட்டுத் துணியோடு அள்ளினாள். நுரை பூசி, உயிர் போக உருவிய வளையல்கள். ஒன்றை மாட்டினாள். அது மணிக்கட்டில் நிற்காமல் நழுவி விழுந்தது. இன்னொன்று. அதுவும் விழுந்தது.

“முனியாண்டி சாமி, என் பிள்ளையக் காப்பாத்துப்பா.”

பின்னால் நகர்ந்தாள். முதுகு முன்சீட்டில் முட்டியது. இப்போது வயிறு எதன்மேலும் படவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை.

எதிரே, அவள் வயிறு இவ்வளவு நேரம் சாய்ந்திருந்த இடத்தில், சீட்டின் தோல் உள்ளிருந்து எழும்பியது. குட்டியாக. ஒரு குதிகால் அளவுக்கு. மெதுவாக நகர்ந்தது. அமுங்கியது. மறுபடி எழும்பியது.

அவள் கத்தினாள். மழையில் அது யாருக்கும் கேட்கவில்லை. கை தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டது. அது அவள் உள்ளங்கையில் உதைத்தது. அவள் பிள்ளைதான். அந்த உதை அவளுக்குத் தெரியாதா?

கதவு திறந்தது. குடையோடு ஸ்ரீராம்குமார்.

“முடிஞ்சிருச்சு போல,” என்றார். குரலில் அத்தனை தணிவு. அவள் முழங்கையைப் பிடித்துப் பக்குவமாகக் கீழே இறக்கினார். அவள் சீட்டைப் பற்றிக்கொள்ளப் பார்த்தாள். காய்ந்த விரல்கள் வழுக்கின.

“சார்... என் பிள்ள... உள்ள...”

“உடம்பைப் பாத்துக்கங்கம்மா.”

சீட்டில் கை வைத்தார். எதற்கோ காத்திருப்பவர் போல நின்றார். அவர் முகம் மலர்ந்தது. இரண்டு முறை மெல்லத் தட்டிக்கொடுத்தார். பிறகு பெல்ட்டை இழுத்து, அந்தக் காலி சீட்டின் குறுக்கே, உறுத்தாமல், பதமாக மாட்டிவிட்டார்.

கார் நகர்ந்தது. அவள் பின்னாலேயே ஓடினாள். ஓடினதாகத்தான் நினைத்தாள். இருந்த இடத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதே நேரம் ஆட்டோ உள்ளே திரும்பியது. “ஓரங்கட்டுப்பா, சார் வண்டி போகட்டும்,” என்று காளையின் குரல் கேட்டது. காருக்குள் இருந்தவருக்கு அவன் சிரித்த முகமாக ஒரு கும்பிடு போட்டான். கார் அவனைத் தாண்டிச் சாலையில் ஏறி மழைக்குள் போயிற்று.

காளை நனைந்துகொண்டே ஓடிவந்தான்.

“என்னத்தா, ஈரத்துல உக்காந்திருக்க? மயக்கமா?” என்றபடி அவள் முன்னால் குந்தினான். “என் பிள்ள என்ன சொல்லுது? எங்க, நான் பாக்குறேன்.”

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவள் வயிற்றில் வைத்தான். அவள் கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போ உதைக்கும், இப்போ உதைக்கும் என்று அவன் தலையைச் சாய்த்து, சிரிப்பு மாறாமல் காத்திருந்தான்.