மேச்சேரிக் கம்பளி

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் தனப்பிரியா, பேராசிரியர் இன்பமேரியின் அறைக்கு வந்தபோதே அழுது முடித்திருந்தாள். படைப்பெழுத்துத் தாளுக்காக அவள் கைப்பட எழுதிய கதையைப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனவன் வகுப்புத் தோழன் சிவபிரகாஷ். தொலைந்துபோச்சு என்று கையை விரித்துவிட்டு, அதையே டைப் அடித்துத் தன் பெயரில் கொடுத்திருக்கிறான், மகராசன். வகுப்பின் சிறந்த கதையாக அது தேர்வாகியும் விட்டது. அவளிடம் நகல் இல்லை. நிரூபிக்காவிட்டால் அந்தத் தாள் போச்சு, பொய்க்காரி என்ற பெயர் வேறு.

"அது என்ற கதைங்க மேடம்," என்றாள்.

இன்பமேரி அலட்டிக்கொள்ளாத ஆள். அவரிடம் ஆய்வு செய்யும் ஜோஸ்லினோ இருப்புக்கொள்ளாதவள், இப்போதே அவனைப் பிடித்து உலுக்கலாம் என்று துடித்தாள். கதைகளை முதலில் படித்தவளும் அவள்தான். இந்தக் கதையில் விடுதிக்குக் கிளம்பும் மேச்சேரிப் பெண் கடைசியாக ஒருமுறை தன் ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்கும் இடத்தில் மயங்கிப்போய், ஓரத்தில் 'அபாரம்' என்று எழுதியிருந்தாள்.

தனப்பிரியாவின் போன் முகப்பில் ஒரு செம்மறிக் குட்டி, வழவழவென்ற பழுப்பு உடம்போடு நின்றது. யாருடையது என்று இன்பமேரி கேட்டார். மேச்சேரியில் தங்கள் வீட்டுக் குட்டி என்றாள். அவர் படத்தைச் சற்று நேரம் பார்த்துச் சிரித்துக்கொண்டார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லி, சிவபிரகாஷை வரவழைத்தார்.

சூரமங்கலத்து டவுன் பையனான அவன், கதையைக் கடகடவென்று ஒப்பித்தான்.

"இதுல எழுதினவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பொய் ஏதாவது இருக்காப்பா?" என்று இன்பமேரி கேட்டார்.

அப்படி எதுவும் இல்லை என்றான். கம்பளி கத்தரிப்பதுகூடவா என்றதற்கு, "எங்க பெரியப்பா மேச்சேரி ஆடுதான் வச்சிருக்காரு மேடம். வருஷா வருஷம் நானே கத்தரிப்பேன்," என்றான்.

அவனை வைத்துக்கொண்டே தனப்பிரியாவை உள்ளே அழைத்து அதே கேள்வியைக் கேட்டார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"கம்பளிதாங்க மேடம். எங்க ஆட்டுக்கு ஏதுங்க கம்பளி? குட்டை முடிதான். படிச்ச இங்கிலீஷ் பாட்டுல எல்லா ஆட்டுக்கும் கம்பளி இருந்துச்சுங்க. இல்லாம எழுதினா இலக்கியமா ஒத்துக்க மாட்டாங்கன்னு போட்டுட்டேனுங்க."

ஜோஸ்லின் தான் 'அபாரம்' என்று எழுதிய பக்கத்தைத் தேடிப் புரட்டினாள்.

"கத்தரிக்க முடியாததை இவன் வருஷா வருஷம் கத்தரிச்சிருக்கான் ஜோஸ்லின்," என்றார் இன்பமேரி. "திருடினவனுக்கு எல்லா வரியும் நிஜம். எழுதினவளுக்குத்தான் எந்த வரி உறுத்துதுன்னு தெரியும்."

சிவபிரகாஷ் தலைகுனிந்து ஒத்துக்கொண்டான். சொந்தமாக ஒன்று எழுதி வா, பெரியப்பாவைப் பற்றியே எழுது என்று சொல்லி இன்பமேரி அவனை அனுப்பினார்.

பிறகு கதையைத் தனப்பிரியாவிடம் நீட்டி, பெயரை மாற்றச் சொன்னார். அவள் பேனாவைத் திறந்து பக்கங்களைப் புரட்டினாள். ஓரத்து 'அபாரம்' அப்படியே இருக்க, கம்பளி வரியை அழுத்தி அடித்தாள். மனசு லேசானது. அதன் பிறகுதான் முதல் பக்கத்துக்குத் திரும்பித் தன் பெயரை எழுதினாள்.