உள்பக்கக் கைப்பிடி

மூடியின் மேல் கயிறு கிடந்தது. கப்பலைக் கட்டும் தடித்த நைலான் கயிறு, ஒன்றல்ல, மூன்று சுருள். பார்த்ததுமே கௌசல்யாவுக்கு எரிச்சல் வந்தது. எஞ்சின் ரூமில் தீப்பிடித்தால் ஆட்கள் ஏணியில் ஏறி மேல்தளத்துக்குத் தப்பும் அவசர வழியின் மூடி அது. அதன் தலையில் பாரத்தை ஏற்ற எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ?

கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறிப் பாதுகாப்புக் குறைகளை எழுதுவதும், சரிசெய்யும்வரை கப்பலைக் கிளம்பவிடாமல் நிறுத்துவதும் பதினொரு வருடமாக அவள் வேலை. மூன்று மாதத்துக்கு முன் இந்தக் கப்பலின் இதே மூடிக்கு உள்பக்கக் கைப்பிடி இல்லை என்று எழுதியதும் அவள்தான். அன்று மாலை மகள் விஷ்ணுப்ரியாவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் நடன அரங்கேற்றம். "மாட்டியாச்சு மேடம், போட்டோ அனுப்புறேன் லா, நீங்க கெளம்புங்க" என்றான் கப்பல் ஏஜென்ட் செந்தில். போட்டோ வந்தது. காரில் உட்கார்ந்தபடியே 'சரிசெய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். கப்பல் திரும்பி வருகிறதென்று நேற்றுக் கோப்பைப் புரட்டியபோதுதான் உறைத்தது: போட்டோவில் இருந்தது மூடியின் வெளிப்பக்கம்.

"கயித்த எடுக்கச் சொல்லுங்க, செந்தில்."

அவன் ஆங்கிலத்தில் சொன்னான். மாலுமிகள் யாரும் அசையவில்லை.

"என்னவாம்?"

"பயப்படுறானுங்க மேடம். மூணு வாரத்துக்கு முன்ன எஞ்சின் ரூம்ல புகை வந்து ஒருத்தன் செத்துட்டான்ல, ஹார்ட் அட்டாக்னு எழுதினாங்களே... இந்த ஏணி உச்சியிலதான் கெடந்தானாம். அப்பலேர்ந்து தினம் உள்ளேர்ந்து தட்டுற சத்தம் கேக்குதாம். அதான் கயித்த போட்டு வச்சிருக்கானுங்க." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

கௌசல்யாவுக்கும் பயம் வந்தது. பேய்க்காக அல்ல. உள்ளே கைப்பிடி இருந்தால் அந்தச் சாவுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. இல்லையென்றால் அவனைக் கொன்றது அவள் போட்ட கையெழுத்து.

அதட்டியபிறகு கயிற்றை நகர்த்தினார்கள். மூடியைத் தொட மட்டும் ஒருவனும் வரவில்லை. வெளியிலிருந்து மூடியைத் திறக்கும் சக்கரம் துருவேறி இறுகியிருந்தது; அவள் தொங்கிப் பார்த்தும் திரும்பவில்லை. பெரிய ஸ்பானர் எடுத்து வருவதாகச் செந்தில் கிளம்பினான். அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை.

"நான் கீழேர்ந்து ஏறிப் பாக்குறேன். தட்டினா தொறங்க."

"வந்துடுறேன் மேடம்."

எஞ்சின் ரூமின் கோடியில் இருந்த இரும்புக் கதவைத் தள்ளி நுழைந்ததும் அது தானாகவே பின்னால் சாத்திக்கொண்டது. அப்படித்தான் சாத்த வேண்டும், அதுதான் விதி, ஆனாலும் சாத்திய வேகத்தில் எஞ்சின் இரைச்சல் முழுவதும் அறுந்து, ஓர் ஆள் மட்டுமே ஏறக்கூடிய அந்தச் செங்குத்துக் கூண்டுக்குள் அவள் மூச்சுச் சத்தமும், டீசல் வாடையும், அதற்கடியில் கருகிய துணியை ஊறவைத்ததுபோன்ற இன்னொரு வாடையும் மட்டும் மிஞ்சின. ஹெல்மெட் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினாள். கம்பிகள் ஈரமாக இருந்தன. பாதியில் நின்றாள். கீழே ஒரு கம்பி 'ணங்' என்றது. எதிரொலி என்று சொல்லிக்கொண்டாள்.

உச்சிக்கு வந்தாள். விளக்கு மூடியின் அடிப்பக்கத்தில் விழுந்தது.

கைப்பிடி இல்லை.

கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதைச் சுற்றிலும் பெயின்ட் உரிந்து வெள்ளை இரும்பு தெரிந்தது. நகத்தால் சுரண்டிய கோடுகள். கோடு கோடாக, நூற்றுக்கணக்கில்.

'நான்தான்' என்று நினைத்தாள்.

தட்டினாள். மேலே பேச்சுக்குரல்கள் சட்டென்று நின்றன.

இன்னும் பலமாகத் தட்டினாள். "செந்தில்! நான்தான்! தொறங்க!" குரல் கூண்டுக்குள்ளேயே சுற்றியது.

மேலே காலடிகள். ஓடும் காலடிகள். பிறகு கனமாக எதையோ இழுத்துப் போடும் சத்தம். ஒரு சுருள். இரண்டாவது சுருள். மூன்றாவது.

அவர்களுக்கு அது தினம் கேட்கும் சத்தம்.

செந்தில் இன்னும் வரவில்லை. கீழே இறங்கிவிடலாம். கதவு திறக்கும். ஒரு காலைத் தாழ்த்தினாள்.

ணங்.

அவள் கால் இன்னும் கம்பியைத் தொடவில்லை.

ணங். பக்கத்தில். வாடை மேலேறி வந்தது. கெண்டைக்காலில் ஈரம். முதுகில் ஈரம். யாரோ அவளோடு ஒட்டி நின்றார்கள், அதே கம்பியில்.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. பெயின்ட் துகள் அப்பிய விரல்கள். நகங்கள் இல்லை.

அது அவள் கழுத்தைப் பிடிக்கவில்லை. அவள் வலது கையைப் பிடித்தது. சுட்டுவிரலை மட்டும் பிரித்து, அவசரமே இல்லாமல், அந்த ஓட்டைக்குள் நுழைத்தது. வெளியே எடுத்தது. மறுபடியும் நுழைத்தது.