திரையில் ஒரு தார்ப்புள்ளி

பவுல் ரோச் வெறுங்காலோடு ஆவுடையப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார். சங்கு வியாபாரத்தில் பெயரெடுத்தவர், சட்டைப் பித்தான் ஒன்று கழன்றிருந்தாலும் வீட்டைவிட்டு இறங்காதவர். அப்படிப்பட்ட மனிதர் மத்தியான வெயிலில் செருப்பை மறந்து கடற்கரைச் சாலை நெடுக நடந்து வந்திருக்கிறார் என்றதும் ராஜதுரை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ராஜதுரைக்குக் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். ஆனால் கொஞ்சம் ஒழிவு கிடைத்தால் போதும், கால் தானாக ஆவுடையப்பன் வீட்டுக்குத்தான் போகும். ஆவுடையப்பன் துறைமுகத்துச் சுங்க இலாகாவில் காலமெல்லாம் மூட்டை பிரித்துப் பார்த்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடியில் ஏதாவது சிக்கல் என்றால் போலீசுக்கு முன்னால் அவரிடம்தான் ஆள் வரும்.

"முதல்ல தண்ணி குடிங்க. பெறவு பேசலாம்," என்றார் ஆவுடையப்பன்.

ரோச் தண்ணீரைத் தொடவில்லை. "என் மகள் இசபெல்லாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கோம்லா. ரெண்டு வாரம் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, தடை உண்டான்னு கேட்டாச்சு. நாளைக் கழிச்சு ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யுத்தத்துக்கு முன்னாலயே கொழும்புல குடியேறினவங்க. நேத்துத்தான் கப்பல்ல வந்து இறங்கினாங்க. பிள்ளையைப் பார்த்த உடனே மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சுட்டாக. நாங்க அனுப்பின படத்துல இருந்த பொண்ணு இது இல்லை, நாங்க ஆளை மாத்தி ஏமாத்திட்டோம்னு சொல்லுதாக."

அவர் மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் விட்டெறிந்த படம். பட்டுச் சேலையும் அட்டிகையுமாக ஓர் அழகான பெண். பின்னால் வர்ணம் தீட்டிய கடல், வானம்.

"இசபெல்லாவுக்கு இடது கன்னத்துல பெரிய மச்சம். படத்துல இல்லை. அவ அக்கா மரியசெல்விக்கு மச்சம் கிடையாது. மத்தபடி ரெண்டும் ஒரே அச்சு. மூத்தவளுக்கும் மூணு வருசத்துக்கு முன்னால அதே கடையில, அவங்க அம்மாவோட இதே பட்டைக் கட்டித்தான் படம் எடுத்தோம். அந்தப் படத்தை அவ புருசன் கப்பலுக்குக் கொண்டுபோயிட்டான், ஒத்துப் பாக்கவும் வழியில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஓலையை நிறுத்தச் சொல்லி நாளைக்குப் பங்குச் சாமியாரைப் பாக்கப் போறாங்க. நின்னுபோச்சுன்னா இந்தக் கடற்கரையில என் பிள்ளையை எவன் கட்டுவான்?"

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது.

"எடுத்தது யாரு?"

"காசிலிங்கம் அண்ணாச்சிதான். போன ஆனி மாசம் நானே கூட்டிட்டுப் போனேன். வாங்கின படத்தைப் பிரிச்சுக்கூடப் பாக்காம அப்படியே கொழும்புக்கு அனுப்பிட்டேன். அவரைக் கேட்டா, கண்ணாடிப் பிளேட்டுல என் விரல்கூடப் படலைன்னு சத்தியம் பண்ணுதாரு."

மூன்று பேரும் புறப்பட்டார்கள். ரோச்சுக்கு ஆவுடையப்பனின் பழைய செருப்பு ஒரு ஜோடி கிடைத்தது.

காசிலிங்கத்தின் போட்டோக் கடை துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்தது. 'எல்லா வேலையும் எம் கைப்படவே' என்று வாசலில் பலகை. அண்ணாச்சி இவர்களைப் பார்த்ததுமே பேச ஆரம்பித்துவிட்டார். "திருச்செந்தூரான் மேல சத்தியமாச் சொல்லுதேன், எடுத்தேன், கழுவினேன், அச்சுப் போட்டேன். அதுக்கு மேல அந்தப் பிளேட்டுல என் கை படலை."

ஆவுடையப்பன் திரைச்சீலையைப் பார்த்தார். படத்திலிருந்த அதே கடல், அதே வானம். ஆனால் வானத்தில், உட்காருகிறவர் காதுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"போன சித்திரை வெயில்ல கூரைத் தார் உருகிச் சொட்டிட்டு. போகவே மாட்டேங்கு," என்றார் காசிலிங்கம்.

ராஜதுரைக்கு மின்னலடித்தது. படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தான். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, தார் இல்லை. "ஐயா, தார் விழுந்தது சித்திரையில. ஆனியில எடுத்த படம்னா தார் இருக்கணும். இல்லை. அப்போ இது பழைய படம், மூத்தவளோட படம்..." சொல்லிக்கொண்டே போனவன் ரோச்சின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். கெட்டிக்காரத்தனம் சில நேரம் நம்மையே குத்திவிடும்.

"நல்லாத்தான் யோசிக்கிறே," என்றார் ஆவுடையப்பன். அவர் வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நீதானே?"

"போன மாசம் எடுத்தது ஐயா." ராஜதுரைக்குக் கொஞ்சம் வெட்கம், நிறையப் பெருமை. "அண்ணாச்சி கைராசி, மாப்பிள்ளை மாதிரி விழுந்திருக்கேன்னு எங்க அம்மா சொன்னாங்க."

ஆவுடையப்பன் சிரித்தார். பிறகு மூலைக்குப் போனார். அங்கே ஒரு பலகைப் பெட்டி, உள்ளே வைக்கோல், மூடியில் ரயில்வே பார்சல்காரன் போட்ட சாக்குக்கட்டிக் கிறுக்கல். "அண்ணாச்சி, சன்னமா சீவின பென்சில் ஒண்ணு குடுங்க, ஒரு குறிப்பு எழுதிக்கிடுதேன்."

காசிலிங்கம் மேசையெல்லாம் தடவினார். தச்சன் பென்சில் மாதிரி ஒரு மொத்தை நீலப் பென்சில்தான் அகப்பட்டது.

"போதும்," என்றார் ஆவுடையப்பன். ஆனால் எதுவும் எழுதவில்லை. "ரோச், அவங்க சாமியாரைப் பாக்கப் போகும் முன்னால, நாளை மத்தியானம் இங்கன ஒரு நாழி வந்துட்டுப் போகச் சொல்லுங்க. உங்க மகளும் வரணும்."

மறுநாள் வெயில் பிளந்தபோது கடைக்குள் எல்லாரும் கூடினார்கள். மாப்பிள்ளை கஸ்பாரின் தாயார் பிலோமினா அம்மாள் நாற்காலி நுனியில், இப்போதே எழுந்து போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். கஸ்பார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இசபெல்லா அப்பாவின் பின்னால் ஒளியவில்லை. மச்சம் தெரிய முகத்தை நிமிர்த்தி நின்றாள்.

"ராஜதுரை, உன் படத்தை எடுத்துட்டு வா," என்றார் ஆவுடையப்பன். "நேத்து நீ சொன்னே, தார் இல்லைன்னா பழைய படம்னு. இது போன மாசப் படம். தார் எங்கே?"

ராஜதுரை பார்த்தான். அவன் காதுக்குப் பக்கத்தில் வானம் சுத்தமாக இருந்தது.

"உன் தாடையில அம்மைத் தழும்பு இருக்கே, அது எங்கே?"

கையைத் தாடைக்குக் கொண்டுபோனான் ராஜதுரை. குழி இருந்தது. படத்தில் வழவழவென்று இருந்தது. கைராசியாவது ஒன்றாவது. பிலோமினா அம்மாளே சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆக, இந்தக் கடையில எடுக்கிற படம் எல்லாத்துலயும் யாரோ புள்ளியைத் தேடித் தேடி அழிக்காங்க. கண்ணாடி நெகட்டிவ்ல கருப்பெல்லாம் வெள்ளையாயிருக்கும். அந்த இடத்துல சன்னமான பென்சிலால தீத்திட்டா, அச்சுல புள்ளி மறைஞ்சுபோகும். டச்சிங்னு சொல்வாங்க. தாரும் மச்சமும் அந்த ஆளுக்கு ஒண்ணுதான். ஆனா இந்தக் கடையில அப்படி ஒரு பென்சிலே இல்லை. கண்ணாடி உடையாம வைக்கோல் போட்ட பெட்டி மட்டும் ரயில் ஏறிப் போய்ட்டு வருது. அண்ணாச்சி பண்ணின சத்தியம் உண்மைதான். அவர் கை படலை. பட்டது யார் கைன்னு அவர்தான் சொல்லணும்."

காசிலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாளையங்கோட்டையில அய்யாக்குட்டின்னு ஒருத்தன். நாலஞ்சு கடைக்கு அவன்தான் டச்சிங். முகத்துல புள்ளி இருந்தா எடுத்துடுன்னு பொதுவாச் சொல்லி வச்சிருக்கேன். எனக்குக் கண்ணுல பொறை விழுந்து ரெண்டு வருசமாச்சு, மச்சம் போனது எனக்குத் தெரியவேயில்லை. இவங்க வந்து சண்டை போட்ட பெறவுதான் சந்தேகம் வந்துது. ஆனா எப்படிச் சொல்ல? வீட்டுப் பொம்பளைப் பிள்ளைக படம் வெளியூர்ல எவனோ ஒருத்தன் கைக்குப் போகுதுன்னு தெரிஞ்சா, பெறவு ஒரு தாய் தகப்பன் பிள்ளையைக் கூட்டிட்டு இந்தப் படியேறுவாங்களா?"

"அதுக்காக என் பிள்ளை வாழ்க்கையா அண்ணாச்சி?" என்றார் ரோச். காசிலிங்கம் இரண்டு கையையும் கூப்பினார்.

"பேச்சு பேச்சாவே இருக்கட்டும்," என்றார் பிலோமினா அம்மாள். "எனக்கு அத்தாட்சி வேணும்."

"அதுக்குத்தான் வெயில் நேரமாப் பார்த்து வரச் சொன்னேன்," என்றார் ஆவுடையப்பன். "அண்ணாச்சி, பிளேட்டை எடுங்க."

ஆவுடையப்பன் அந்தக் கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். கன்னத்திலும் வானத்திலும் பென்சில் கோடுகள் பளபளத்தன. பஞ்சில் கொஞ்சம் டர்பண்டைன் தொட்டு இரண்டு இடத்திலும் மெல்ல ஒற்றினார். பஞ்சு கருத்தது. வெயிலிலேயே அச்சு விழும் காகிதம் ஒன்றைக் கண்ணாடியோடு சட்டத்தில் பூட்டி, முற்றத்தில் வைத்தார் காசிலிங்கம்.

எல்லாரும் குனிந்து நின்றார்கள். அண்ணாச்சி அவ்வப்போது நிழலுக்குள் கொண்டுவந்து சட்டத்தின் மூடியைப் பாதி திறந்து காட்டினார். முதலில் கூந்தல் கருத்தது. அதோடு வானத்தில் தார்ப்புள்ளி வந்தது. அதே நேரத்தில், இடது கன்னத்தில், மிளகு வைத்த மாதிரி மச்சமும் வந்தது.

ரோச் சிலுவை போட்டுக்கொண்டார். முந்தாநாளிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

பிலோமினா அம்மாள் படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "ரோச் அண்ணே, வாயில வந்ததை எல்லாம் பேசிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க. அண்ணாச்சி, உங்களுக்கும் ஒண்ணு சொல்லுதேன். படம் எந்த ஊருக்கு வேணாப் போகட்டும். மச்சம் மட்டும் வீட்டோட இருக்கட்டும்."

காசிலிங்கம் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இசபெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கஸ்பாரைப் பார்த்தாள்.

"அத்தை சொல்லிட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே. நீங்க சம்மதிச்சது மச்சம் இல்லாத பிள்ளைக்குத்தான்."

கஸ்பார் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். "நேத்து முந்தினநாள் உன்னை நேர்ல பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, படம் ஒரு மாத்துக் குறைவுதான்னு. அம்மாவை எதுத்துச் சொல்லத் தைரியம் வரலை. அது என் தப்பு."

அவள் அப்பாவின் கையிலிருந்த பழைய படத்தை வாங்கி நாலாகக் கிழித்து, வெயிலில் விழுந்த புதுப் படத்தை அவனிடம் நீட்டினாள். "இதை மேசைமேல போடாம இருட்டுல வைங்க. வெளிச்சம் பட்டா கருத்துப் போயிடுமாம்."

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. கோயில் வாசலில் நின்று கேட்ட காசிலிங்கம் நேரே கடைக்குப் போய்ப் பழைய பலகையை இறக்கினார். புதிதாக ஏறிய பலகையில் 'டச்சிங் வேலை பாளையங்கோட்டையில். மச்சம், தழும்பு இருந்தபடி வேண்டுவோர் முன்கூட்டிச் சொல்லவும்' என்று இருந்தது. ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தார். எட்டாம் நாள் ஒரு தாயும் மகளும் படியேறினார்கள்.

"ராஜதுரை, உன் பிளேட்டுலயும் பென்சிலைத் துடைச்சு ஒண்ணு போட்டுத் தரவாலே?" என்று கேட்டார் அண்ணாச்சி ஒரு நாள்.

ராஜதுரை தாடையைத் தடவிக்கொண்டான். வீட்டில் அவனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழவழப்பான படத்தையே அனுப்பக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது.

"துடைச்சே போடுங்க அண்ணாச்சி," என்றான் கடைசியில்.