பாதியில் நின்ற ஃபேடர்

பாட்டு மூன்றாவது சரணத்துக்குள் நுழைந்தபோது, யாரும் தொடாமலே அந்த ஃபேடர் கீழே இறங்கத் தொடங்கியது.

அருள்மொழி அப்போதுதான் பாடும் அறையிலிருந்து வெளியே வந்து, கழுத்து வேர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, தான் பாடியதைக் கேட்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் ஜெயப்பிரகாஷ், இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு. மேசைமேல் இருந்த ஒலிப்பலகையில் வரிசையாக நின்ற ஃபேடர் கட்டைகளில், அவள் குரலுக்கான ஃபேடர் மட்டும் மெல்லக் கீழே வந்தது. பாதியில் நின்றது. எதையோ யோசிப்பதுபோல அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு, பிறகு அடிவரைக்கும் போய்ச் சேர்ந்தது. பம்பையும் உடுக்கையும் முழங்கிக்கொண்டிருந்தன. அவள் குரல் மட்டும் இல்லை.

அந்தப் பலகைக்கு நினைவு உண்டு. குரலைக் கூட்டவோ குறைக்கவோ விரலால் ஃபேடரைத் தள்ளினால், தள்ளிய வேகத்தையும் தயங்கிய இடத்தையும் கம்ப்யூட்டர் ஒரு கோடாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். மறுபடி பாட்டை ஓடவிட்டால், உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் அந்த விரல் செய்ததை அப்படியே திருப்பிச் செய்யும். ஆள் எழுந்து போய்விட்டாலும் அவர் கை இங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றுதான் கணக்கு: விரல் பட்டால்தான் பதியும், படாமல் ஒரு கோடும் விழாது. இந்தப் பாட்டிலோ இன்னும் யாரும் விரலே வைக்கவில்லை.

ஜெயப்பிரகாஷ் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது. பலகையின் ஸ்விட்சை அணைத்தான். "மெஷின் மக்கர் பண்ணுது," என்றான். "நீ ஒண்ணும் தொடாத அருளு. நான் வந்து பாத்துக்கறேன்."

கிள்ளைப் பக்கத்துக் குப்பம் ஒன்றின் அம்மன் கோயில் செடல் திருவிழாவுக்கான பாட்டு அது. குப்பத்துப் பெரியவர்கள் சிதம்பரத்துக்கு வருவதாகவும், அவர்களிடம் பாட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் தான் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதாகவும் சொல்லிக்கொண்டே அவன் மழைக்கோட்டைத் தேடினான். அது கிடைக்கவில்லை. பரவாயில்லை என்று கிளம்பிப் போனான்.

அவனைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அவள் அண்ணன் ராஜவேலுக்கும் இருந்தது. மருந்தை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று, வாயில் வைத்து உறிஞ்சும் அந்த நீலக் குப்பியை ஜெயப்பிரகாஷ் தன் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். பாடி முடித்தால் அவளாகக் கதவைத் தொட வேண்டியதில்லை. அவனே எழுந்து வந்து வெளியிலிருந்து திறந்துவிடுவான். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரப் பெண்களை வயிறெரியவிட்டிருக்கிறாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர்கள் வீட்டின் பின்கட்டுதான் ஸ்டுடியோ. சன்னல் கிடையாது, பாடும் அறைக்கும் மேசைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடித் தடுப்பு மட்டும். சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை ஒட்டி, அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்ததால் உள்ளே பகல் ராத்திரி என்று எதுவும் தெரியாது. வெளியே ஐப்பசி மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்டினாலும், இங்கே அது தரை வழியாகக் காலுக்கு ஏறும் ஒரு மெல்லிய அதிர்வாக மட்டும் வரும். அன்று ஈரம் உறிஞ்சிய பஞ்சின் வாடையும், சூடேறிய மின்கம்பியின் வாடையும், அவன் தலையில் தடவும் எண்ணெயின் வாடையும் ஒன்றாகக் கலந்து, அவன் போன பிறகும் அவன் அங்கேயே இருப்பது போலிருந்தது.

தொடாதே என்றால் தொடாமல் இருக்கிற ஜாதி இல்லை அருள்மொழி. மெஷின் வேலை அவளுக்கும் தெரியும், அண்ணன் சொல்லிக்கொடுத்தது. பலகையை மறுபடி போட்டாள். திரையில் அவள் குரலுக்குக் கீழே மெல்லிய பச்சைக் கோடு ஒன்று ஓடியது. மூன்றாவது சரணத்தில் சரிந்து, பாதியில் ஒரு படிபோலத் தட்டையாகி, மறுபடி சரிந்தது.

உடனே சிரிப்பு வந்துவிட்டது. ஜெயப்பிரகாஷுக்குப் புதுப் பாட்டு என்றால் புது ஃபைல் திறக்கச் சோம்பல். பழைய பாட்டு ஒன்றை நகலெடுத்து, அதிலிருந்த குரலையும் மேளத்தையும் அழித்துவிட்டு, அதன்மேலேயே புதிதை ஏற்றுவான். குரல் அழிந்துவிடும். விரல் போட்ட கோடு சில சமயம் அழியாமல் தங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் மனுஷன் இப்படிப் பதறுகிறானே என்று நினைத்தாள்.

எந்தப் பழைய பாட்டு என்று தேடியபோதுதான் சிரிப்பு நின்றது. அதே குப்பத்துக்காக ராஜவேல் பாடிய பாட்டு. அவன் பாடி முடிக்காத பாட்டு.

ஸ்டுடியோவில் பாதி ராஜவேலுடையது. குப்பத்து ஜனங்கள் தேடி வந்ததும் அவன் குரலுக்காகத்தான். சாவதற்குச் சில நாள் முன்னால், சிதம்பரத்தில் தனியாக ஒரு ஸ்டுடியோ போடப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். மச்சான்கிட்ட இன்னும் சொல்லல, நீயும் வாயத் தொறக்காத என்றும் சொல்லியிருந்தான். அவள் அன்று இரவே புருஷனிடம் சொல்லிவிட்டாள். புருஷனிடம் மறைப்பது அவளுக்குத் தெரியாது.

பாடும் அறைக்குள்ளேயே இழுப்பு வந்து ராஜவேல் செத்தான். எழவு வீட்டில் ஜெயப்பிரகாஷ் தலையில் அடித்துக்கொண்டு அழுதபடி எல்லோரிடமும் சொன்னது ஒன்றே: "ரெண்டாவது சரணத்தோட கரண்டு போச்சு. செத்த நேரம் ஆவும்னு நான் டீ வாங்கப் போனேன். வந்து பாத்தா மச்சான் உள்ள வுழுந்து கெடக்கறான்."

கரண்ட் இல்லை. ஆள் இல்லை. அப்படியானால் மூன்றாவது சரணத்தில் விரல் வைத்தது யார்?

பழைய ஃபைலைத் திறந்தாள். அண்ணனின் குரல் இரண்டாவது சரணத்தோடு முடிந்திருந்தது. அதற்கப்புறம் வெற்றிடம். ஆனால் பச்சைக் கோடு அந்த வெற்றிடத்திலும் ஓடியது. சரிந்தது, நின்றது, சரிந்தது. குரலின் ஓரத்தை மவுஸால் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். வெட்டிய மாதிரி தெரிந்தாலும் இந்த மென்பொருளில் எதுவும் வெட்டுப்படுவதில்லை, மடித்துத்தான் வைக்கப்படும். மடிப்பு விரிந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

 பாட்டை ஓடவிட்டாள்.

முதலில் அண்ணனின் பாட்டு. அதன்பின் இருமல். அதன்பின் இழுப்பு, சன்னமாக, துருத்தியில் ஓட்டை விழுந்த மாதிரி. அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். ஹெட்ஃபோனைக் கழற்றி வைக்கும் சத்தம். கதவுப்பக்கம் ஏதோ உலோகம் தரையில் விழுந்து உருண்டது.

"மச்சான், கைப்பிடி கையோட வந்துடுச்சி. கதவத் தொற."

ஃபேடர் இறங்கத் தொடங்கியது.

விரலால் அதைத் தடுத்துப் பிடித்தாள். விரல் பட்டால் மோட்டார் விட்டுக்கொடுக்க வேண்டும், பலகை செய்யப்பட்டதே அப்படித்தான். இது விடவில்லை. அவள் விரலுக்குக் கீழே அது கீழ்நோக்கி இழுத்தது. அவசரமில்லாமல் இழுத்தது. அந்த அழுத்தம் அவளுக்குத் தெரியும். ராத்திரியில் அவள் நெற்றியைத் தடவிவிடும் கையின் அழுத்தம்.

இரண்டு கையாலும் பிடித்து மேலேயே நிறுத்தினாள்.

"மச்சான்." இழுப்பு. "நீ பாத்துக்கினுதான இருக்க."

பாதியில் நின்ற இடம் இதுதான். இந்த வார்த்தைக்குத்தான் ஜெயப்பிரகாஷின் விரல் நின்றிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். இந்த நாற்காலியில். யோசித்திருக்கிறான். யோசித்துவிட்டுத்தான் மிச்சத்தையும் இறக்கியிருக்கிறான்.

"அதுலேர்ந்து கைய எடு மச்சான்."

அதன்பின் கதவைப் பிராண்டும் சத்தம். வெகுநேரம்.

அருள்மொழி அழவில்லை. அழுகைக்கு முன்னால் ஒன்று வருமே, உடம்பு முழுக்க வெறுமையாகிப்போவது, அதுதான் வந்தது. அன்று புருஷனைத் தன் மடியில் சாய்த்துத் தேற்றியவள் அவள். அண்ணன் செத்த துக்கத்தில் சோறு இறங்காமல் கிடந்தவனுக்கு ஊட்டிவிட்டவள். அதற்கும் முன்னால், சிதம்பரம் சங்கதியை அவன் காதில் போட்டவளும் அவளேதான். இரண்டு பேரையும் நம்பவைத்து அவன் கழுத்தறுத்திருக்கிறான். அவள் கையையே கத்தியாக வைத்து.

கதவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஏதாவது ஒன்று பொய் என்று தெரிந்துவிடாதா என்ற நப்பாசை. பாடும் அறையின் கதவு கனமானது, விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். தன் செருப்பைக் கழற்றி அதன் அடியில் முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவின் உள்பக்கத்துத் துணி மற்ற இடத்தைவிடப் புதிது. ஓரத்தைப் பிய்த்தாள். அதன் பின்னால் பஞ்சு கிழிந்து தொங்கியது. கிழிசல் கதவின் அடிவரைக்கும் போயிருந்தது. விழுந்த பிறகும் பிராண்டியிருக்கிறான்.

கைப்பிடியும் புதிது. பளபளவென்று இருந்தது. அண்ணனின் காரியம் முடிந்த கையோடு ஜெயப்பிரகாஷே உட்கார்ந்து மாட்டியது. இத்தனை நாளில் தான் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவன்தான் எப்போதும் திறந்துவிடுவானே.

பிடித்துத் திருகினாள். சுலபமாகச் சுற்றியது. முழுசாகச் சுற்றியது. கதவு விளிம்பில் இருந்த தாழ்நாக்கு அசையவில்லை.

மறுபடி. அசையவில்லை.

உள்ளே எதனோடும் சேர்க்காமல், வெறும் கைப்பிடியை மட்டும் மாட்டியிருந்தான்.

அவள் நிமிர்ந்தாள். கதவு இடுக்கில் ஜெயப்பிரகாஷ் நின்றான்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கால்வழி அதிர்வு தெரிந்தது. அவன் சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை. தலைமுடி காய்ந்திருந்தது. அவன் சிதம்பரத்துக்குப் போகவே இல்லை. எங்கேயும் போகவில்லை. அன்றைக்கு டீ வாங்கவும் போகவில்லை.

"தொடாதன்னு சொன்னேன் இல்ல," என்றான். கோபமே இல்லை.

அவன் குனியக்கூட இல்லை. வாசலில் கிடக்கும் செருப்பை ஒதுக்குவதுபோல, காலால் அதை உள்ளே தள்ளினான். கதவு சாத்திக்கொண்டது. காது அடைத்தது. தாழ் விழும் சத்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மேசைக்குப் போனான். நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து நீலக் குப்பியை எடுத்து, பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். மைக்கின்மேல் இருந்த சிவப்பு விளக்கு எரிந்தது.

"மாமா," என்றாள். "கதவத் தொற மாமா."

ஹெட்ஃபோன் ஆணியில் தொங்கியது. அதிலிருந்து அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்கிறது அவனுக்கு.

நெஞ்சு இறுகியது. அவன் விரல் ஃபேடர்மேல். அவன் கண் அவள்மேல்.

"நீ பாத்துக்கினுதான் இருக்க," என்றாள். அந்த வார்த்தையை அவளாகத் தேடவில்லை. வாயில் வந்தது.

ஃபேடர் இறங்கியது. பாதியில் நின்றது.

ஹெட்ஃபோனில் இழுப்பு. சன்னமாக. தன்னுடையது என்றுதான் நினைத்தாள். வாயை மூடினாள். மூச்சைப் பிடித்தாள். கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டாள்.

இழுப்பு நிற்கவில்லை.

அவள் தோளுக்குப் பக்கத்தில், கண்ணாடியின் உள்பக்கம், அண்ணனின் உயரத்தில், ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

ஜெயப்பிரகாஷின் கண் அவள் முகத்தைவிட்டு நகர்ந்து, அந்த இடத்தில் போய் நின்றது. விரல் இன்னும் பாதியிலேயே இருந்தது.