சிவப்பு விளக்கு எரியுது... செருகாதே!

"கொலை!"

நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒரே நேரத்தில் அலறின.

"என் புருஷன் தானா சாவலை! கொன்னுட்டாங்க!"

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டுக் கல்யாண மண்டபம். 2006, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பீங்கான் கம்பெனி முதலாளி ராஜாங்கத்தின் படத்திறப்பு. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் கதறியவள் அவர் மனைவி செல்வநாயகி.

மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கயல்விழியின் டீ மடியில் கொட்டியது. மூன்று வருடமாக சவுண்டு சர்வீஸ் நடத்துகிறாள். காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை பார்த்தாயிற்று.

படத்திறப்பில் கொலை... இதுதான் முதல் போணி!

"கொன்னவன் பேரு இதுல இருக்குது!"

செல்வநாயகி உயர்த்திக் காட்டியது விரல் நீள வாய்ஸ் ரெக்கார்டர். மறதிக்காரரான ராஜாங்கம் செய்யவேண்டிய வேலைகளை அதில்தான் பேசி வைப்பார். நெஞ்சுவலி என்று சொல்லி அவரை எரித்துப் பதினாறு நாளாகிறது. நேற்றுதான் கம்பெனியில் களிமண் மூட்டைக்கு அடியில் ரெக்கார்டர் கிடைத்தது. அச்சு வார்க்கும் ஆராயி, பத்துப் பேர் பார்க்க அதை முதலாளியம்மாவிடம் கொடுத்திருந்தாள்.

"ஸ்டேஷன்ல வச்சுக் கேட்டுக்கலாம் அண்ணி..." எழுந்தார் ராஜாங்கத்தின் தம்பி தனக்கோடி. நெற்றியெல்லாம் வேர்வை!

"ஏன் கொழுந்தனாரே, இங்க கேட்டா கூரை இடிஞ்சிடுமா?"

கூட்டம் தனக்கோடியை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

சாப்பாட்டுக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் அர்ச்சுனன் மீசையைத் தடவினார்.

"போடும்மா பொண்ணு. எல்லாரும் கேக்கட்டும்!"

ரெக்கார்டரில் ஸ்பீக்கர் இல்லை. இயர்போன் ஓட்டை மட்டும்தான். அதுவும் ஊசி அளவு. கயல்விழியிடம் இருந்த எந்த ஒயரும் நுழையவில்லை.

"இந்தாங்க மேடம்." கம்பெனி மேனேஜர் இனியவன் ஓடிவந்தான். "நானே செஞ்ச ஒயரு. ஒரு பக்கம் ரெக்கார்டரு. இன்னொரு பக்கம் மைக் பின்னு. அப்படியே மிக்ஸர்ல செருகுங்க!"

செருகப் போனாள் கயல்விழி.

சட்டென்று நின்றாள்.

மிக்ஸரில் சிவப்பு விளக்கு! 48V!

"செருகு! இன்னா பார்க்கறே?" மேடையிலிருந்து செல்வநாயகி.

"செருகினா கருகிடும்மா!"

"என்னது?" இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்தார்.

"மேடை மைக் ஓடறதுக்கு மிக்ஸரே ஒயர் வழியா கரண்ட் அனுப்புது சார். பேண்டம் பவர். நாப்பத்தெட்டு வோல்ட்டு. அந்த மைக்குக்கு அது சோறு. இந்த ரெக்கார்டருக்கு வெஷம்!"

"அப்ப நிறுத்தேன்மா!"

முதலில் வால்யூமைக் கீழே இறக்கினாள். அடுத்து பட்டனை அமுக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. மேடை மைக்கும் செத்தது.

"இப்பச் செருகலாமா?"

"ஆஃப் பண்ணாலும் உள்ளே மிச்சம் நிக்கும் சார். பத்து எண்ணணும்."

ஒன்று... இரண்டு...

"என் மைக்கை அடைச்சுட்டா!" மைக் இல்லாமலே மண்டபம் அதிரக் கத்தினாள் செல்வநாயகி.

ஐந்து... ஆறு...

தனக்கோடி வாசலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த கான்ஸ்டபிள் குறுக்கே வந்து நின்றார்.

ஒன்பது... பத்து!

செருகினாள். வால்யூமை மெல்ல... மெல்ல ஏற்றினாள்.

கரகரப்பு. இருமல். பிறகு, செத்துப்போனவரின் குரல்!

"ஆராயி வார்த்த அச்சு காயலை... நாளைக்குப் பார்க்கணும். அப்புறம்... தனக்கோடி..."

கூட்டம் மொத்தமும் தனக்கோடி பக்கம் திரும்பியது.

"...தனக்கோடிக்கு ஃபோன் போடணும். சொத்துத் தகராறுல அவனைக் கை நீட்டிட்டேன். மன்னிப்பு கேக்கணும்."

தனக்கோடி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "அடி வாங்குனது ஊருக்குத் தெரிஞ்சிடுமேன்னுதான் சார்..."

ரெக்கார்டர் நிற்கவில்லை.

"செல்வநாயகி குடுக்கற கஷாயம் நாலு நாளா கசக்குது. குடிச்சா நெஞ்சு படபடங்குது. நேத்து பூனைக்கு ஊத்தினேன். பூனை செத்துப்போச்சு! ராத்திரி தூங்கற மாதிரி கெடந்தேன். மேனேஜரு இனியவன் வந்தான். 'இன்னும் ரெண்டு வேளை குடுத்தாப் போதும்'னு அவகிட்ட சொல்றான்..."

செல்வநாயகியின் அழுகை சுவிட்சை அணைத்தாற்போல் நின்றது.

கயல்விழிக்குப் புரிந்தது. அடப்பாவிகளா! இவர்களே ரெக்கார்டரை அழித்திருந்தால் பத்துப் பேர் கேள்வி கேட்பார்கள். இனியவன் கொடுத்த ஒயரில் எல்லார் முன்னாலும் கருகினால்...? பழி சவுண்டு சர்வீஸ் மேல். கொலை தனக்கோடி மேல்!

இனியவனின் கை 48V பட்டனை நோக்கிப் பாய்ந்தது.

பளார்!

ஹெட்ஃபோனாலேயே ஒன்று வைத்தாள் கயல்விழி. "என் மிக்ஸர்ல கை வைக்கறியாடா?"

இனியவன் ஓடினான். நாற்காலிகள் உருண்டன. பந்திக்குள் பாய்ந்தவன், பாயசத்தில் வழுக்கி, இலையோடு இலையாகப் பத்தடி சறுக்கி...

ஆராயியின் காலடியில் போய் நின்றான்!

இருபது வருடம் களிமண் பிசைந்த கை, அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது. "எங்க மொதலாளி குடிச்ச கஷாயம் என்னான்னு சொல்லிட்டுப் போ தம்பி!"

இன்ஸ்பெக்டர் ஃபோன் போட்ட பத்தாவது நிமிடம், மேடையில் செல்வநாயகியைச் சுற்றிப் பெண் போலீஸ்.

இன்ஸ்பெக்டர் இனியவனை உலுக்கினார். "ஸ்டேஷனுக்கு வா! எல்லாத்தையும் கக்கணும்!"

மூக்கு நுனியில் முந்திரிப் பருப்போடு இனியவன் கும்பிட்டான்.

"ஒண்ணு வுடாமக் கக்கறேன் சார்... மைக்கு மட்டும் வைக்காதீங்க!"